முக்கால் பக்கச் செட்டிநாடும் முந்நூறு பக்கச் சீனாவும்

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏப்ரல் 8 முதல் 18 நாள் நானும் மனைவியும் சீனா போகிறோம். குழுவோடு இல்லை, நாங்களாகவே. 2019இல் அச்சான கையடக்க வழிகாட்டிப் புத்தகம் ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது, 300 பக்கம். இது போதுமா, தடிமனானது வாங்க வேண்டுமா, இல்லை போன் இருந்தால் இரண்டுமே தேவையில்லையா?" மேலோட்டமாகப் பார்த்தால் புத்தகம் வாங்குகிற கேள்விதான். ஆனால் கீழே அவர் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். பதினெட்டு நாளுக்குப் பதினொரு ஊர், எல்லாமே அந்தப் புத்தகத்தில் நட்சத்திரம் வாங்கிய ஊர்கள். ஆக, அவர் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: இவ்வளவு பெரிய நாட்டில் எதை விடுவது என்று முடிவு செய்கிற வேலையை ஒரு சின்னப் புத்தகத்திடம் ஒப்படைக்கலாமா?

நான் காரைக்குடியில் 22 வருஷமாக வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவன். சீனாவுக்கு 2015இலும் 2019இலும் போயிருக்கிறேன், இரண்டு தடவையும் கையடக்கப் புத்தகத்தோடுதான். அதாவது, அப்படிப்பட்ட புத்தகத்துக்குள் அகப்பட்ட ஊர்க்காரனாகவும் இருந்திருக்கிறேன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வழி கேட்டுத் திரிந்தவனாகவும் இருந்திருக்கிறேன். மேற்குச் சீனாவில் நான் கால் வைத்ததில்லை. திபெத்துக்கு விசாவுக்கு மேல் தனி அனுமதிச்சீட்டும் பயண நிறுவனத்தின் ஏற்பாடும் வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பக்கம் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் பட்டியலில் லாசாவும் இருக்கிறது. அதை இப்போதே அடித்துவிடுங்கள், மீதியைப் பேசுவோம்.

சில வருஷங்களுக்கு முன் பிரான்ஸிலிருந்து வயதான தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் தங்கள் இந்தியப் புத்தகத்தின் முதுகைப் பிளந்து, தென்னிந்தியப் பக்கங்களை மட்டும் எடுத்து, வெள்ளை நூலால் தைத்து வைத்திருந்தார். திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவே செட்டிநாடு முக்கால் பக்கம். பெரிய வீடுகள், பர்மா தேக்கு, காரமான கோழிக்கறி, பழம்பொருள் கடைகள், ஆத்தங்குடி டைல்ஸ், கடைசியில் 'அரை நாள் போதும்' என்று ஒரு வரி. சாயங்காலத்துக்குள் மதுரை போய்ச் சேர வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஆத்தங்குடியில் பத்து நிமிஷம் என்றுதான் இறங்கினார்கள்.

பட்டறையில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். சின்னக் கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூப் போட்ட தகர அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறம், சிமெண்டுக் குழம்பாகக் கரண்டியால் ஊற்றினார். அச்சை அலுங்காமல் தூக்கியபோது நிறங்கள் ஒன்றில் ஒன்று ஓடாமல் அப்படியே நின்றன. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு, கரணையால் மட்டம் செய்து ஓரமாக வைத்தார். "பாலிஷ் எப்போது போடுவார்?" என்று அந்த அம்மாள் கேட்டார். பாலிஷே கிடையாது. கண்ணாடியில் முகம் புதைத்துக் கிடக்கிற கல், காய்ந்து தண்ணீரில் ஊறிப் பிரிந்து வரும்போது கண்ணாடியின் வழவழப்பையே வாங்கிக்கொண்டு வரும். முன்பே ஊற்றி வைத்த ஒன்றை அவர் கண்ணாடியிலிருந்து பிரித்துக் காட்டியதும் அந்த அம்மாள் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு மதுரை போகவில்லை, கானாடுகாத்தானில் தங்கிவிட்டார்கள்.

அவர்கள் புத்தகம் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். அந்த முக்கால் பக்கத்தில் ஒரு வரி கூடத் தப்பில்லை. ஆனால் எழுபத்துச் சொச்சம் ஊர்களில் அது மூன்றைத்தான் பெயர் சொன்னது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் பிள்ளையார்பட்டி மட்டும் இருந்தது, இளையாற்றங்குடியும் வைரவன்பட்டியும் இல்லை. வீட்டைப் பற்றிச் சொன்னது, முகப்பிலிருந்து முற்றமுள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று யார் எதுவரை வரலாம் என்கிற கணக்கைச் சொல்லவில்லை. சாப்பாட்டில் கோழிதான். கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் அச்சுக்குப் போகவே இல்லை. எழுதியவர் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். ஒரு நாட்டை 300 பக்கத்தில் அடைக்கச் சொன்னால் நானும் கும்மாயத்தை விட்டுவிட்டுக் கோழியைத்தான் எழுதுவேன்.

எனவே நான் சொல்லும் முதல் வேலை: சீனப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், அதே பதிப்பகத்தின் இந்தியப் புத்தகத்தை நூலகத்திலோ நண்பரிடமோ வாங்கி, நம் பகுதிப் பக்கத்தைப் படியுங்கள். எதைப் பெரிதாகச் சொல்கிறார்கள், எதை விடுகிறார்கள், 'அரை நாள்' என்றால் அவர்கள் அகராதியில் என்ன என்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும். தேவகோட்டையின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் கண்ணோடு சீனப் புத்தகத்துக்கு வாருங்கள். அதில் முக்கால் பக்கம் வாங்கிய ஊரெல்லாம் ஒரு செட்டிநாடு, ஒரு வரி வாங்கிய ஊரெல்லாம் ஒரு தேவகோட்டை. பதினொரு ஊரை ஓடி ஓடிப் பார்த்தால் பதினொரு முக்கால் பக்கங்களைச் சரிபார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது வேலைக்கு ஒரு நூல் வேண்டும், சாதாரணத் தையல் நூல். கையடக்கப் புத்தகத்தில் நாடு முழுவதும் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும், அதுதான் ஆளை ஏமாற்றுவது. சீனாவின் பரப்பு சுமார் 96 லட்சம் சதுர கிலோமீட்டர், நம்மைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்தியப் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் படத்தில் எல்லாமே பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். படத்தின் ஓரத்தில் இருக்கும் அளவுகோலில் 400 கிலோமீட்டருக்கு நூலை வெட்டிக்கொள்ளுங்கள். அது காரைக்குடியிலிருந்து சென்னை, ஒரு ராத்திரி ரயில். இப்போது நூலை வைத்து அளந்து பாருங்கள். பெய்ஜிங்கிலிருந்து ஷிஆன் ரயில் பாதையில் சுமார் 1,200 கிலோமீட்டர், மூன்று சென்னை. பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு ரயில் பாதை 1,318 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் நாலரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பது உண்மைதான். ஆனால் விடுதியைக் காலி செய்து, நிலையம் தேடி, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, இறங்கி அடுத்த விடுதியைக் கண்டுபிடிப்பதற்குள் அன்றைய நாள் முடிந்திருக்கும். பதினொரு ஊர் என்றால் இப்படிப் பத்து நாள். மிச்சம் எட்டு நாள்தான் சீனாவுக்கு.

சரி, புத்தகத்தில் எதை நம்பலாம்? ஊர்களுக்கு இடையே உள்ள தூரம், தட்பவெப்பம், வரலாறு, கோயில் எந்தத் தெருவில், எந்த மலைக்கு எந்த மாதம் என்பதெல்லாம் 2019 பதிப்பானாலும் கெட்டுப்போகாது. பண்டிகைப் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள். சின்னப் புத்தகத்தில் அது அரைப் பக்கம்தான் இருக்கும், பணத்தை மிச்சம் பிடிப்பது அதுதான். அக்டோபர் 1 முதல் ஒரு வாரமும் சீனப் புத்தாண்டும் நாடே பெட்டியோடு கிளம்பும் நாட்கள். தைப்பூசத்துக்குப் பழனியில் ரூம் தேடுவதை நாடு முழுவதற்கும் பெருக்கிக்கொள்ளுங்கள். மூதாதையர் கல்லறைகளுக்குப் போகிற சிங்மிங் விடுமுறை ஏப்ரல் 4, 5 வாக்கில் வரும், மே 1 விடுமுறை அதற்குப் பின். நீங்கள் 8ஆம் தேதி போய் 25ஆம் தேதி திரும்புகிறீர்கள். தெரிந்து போட்டீர்களோ தெரியாமலோ, நல்ல இடைவெளி.

எதை நம்பக் கூடாது? விலை, திறக்கும் நேரம், பஸ் புறப்படும் இடம், டிக்கெட் வாங்கும் முறை, விசா விதி. என் கதையையே சொல்கிறேன். 2015இல் பெய்ஜிங்கில் பழைய அரண்மனைக்குக் காலையிலேயே எழுந்து போனேன். வாசல் மூடியிருந்தது, திங்கட்கிழமை. விடுதிக்குத் திரும்பி வந்து புத்தகத்தைக் குடைந்தால், அந்தப் பக்கத்திலேயே மிளகு அளவில் ஒரு குறி. முன் அட்டையின் உள்பக்கத்தில் குறிகளுக்கான விளக்கம் இருந்தது, நான் அதைப் படிக்கவே இல்லை. கையடக்கப் புத்தகக்காரர்கள் இடம் மிச்சம் பிடிக்க வாக்கியங்களைக் குறிகளாகச் சுருக்கிவிடுவார்கள். அந்த விளக்கப் பக்கத்தை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மனப்பாடம் செய்யுங்கள், ரயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அதே அரண்மனைக்கு 2019இல் போனபோது வேறு கதை. 2017 அக்டோபரிலிருந்து வாசலில் டிக்கெட் கவுண்டர் கிடையாது, பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். என்னிடம் இருந்த பழைய புத்தகத்தில் கவுண்டர் எந்தப் பக்கம் என்று படத்தோடு போட்டிருந்தது. இரண்டு வருஷத்தில் படம் பொய்யாகிவிட்டது, அரண்மனை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. பணமும் அப்படித்தான். 2015இல் நோட்டு நீட்டினால் போதும். 2019இல் சோளம் சுட்டு விற்கிறவரின் வண்டியிலேயே கியூஆர் அட்டை தொங்கியது. இப்போது வெளிநாட்டு வங்கி அட்டையை அலிபே, வீசாட் என்ற பணம் கட்டும் ஆப்களில் இணைத்துக்கொள்ளலாம், அதை இங்கேயே செய்து முடித்துவிட்டுப் போங்கள். கொஞ்சம் நோட்டும் பையில் இருக்கட்டும்.

அப்போ போன் மட்டும் போதுமே என்பீர்கள். சீனாவில் விடுதி வைஃபையிலும் உள்ளூர் சிம்மிலும் கூகுள் மேப் திறக்காது, வாட்ஸ்அப்பும் யூடியூபும் அப்படியே. நம் ஊர் சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் செலவு ஆகும், எல்லா இடத்திலும் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. உள்ளூர் வரைபட ஆப் ஒன்றையும் மொழிபெயர்ப்பு ஆப்பின் சீன மொழித் தொகுப்பையும் இங்கேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் மேல் புத்தகம் எதற்கு என்றால், சீன எழுத்துக்காக. நல்ல கையடக்கப் புத்தகம் ஒவ்வொரு ஊர், கோயில், நிலையத்தின் பெயரையும் சீன எழுத்தில் அச்சிட்டிருக்கும். உங்களுடையதில் அது இல்லையென்றால் மட்டும் வேறு புத்தகம் வாங்குங்கள், தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். ரோமன் எழுத்தைப் பார்த்து நாம் சொல்லும் பெயர் டாக்ஸிக்காரருக்குப் புரியாது, சுருதி மாறினால் சொல்லே மாறிவிடுகிற மொழி அது. பக்கத்தைத் திருப்பி, பெயரின் மேல் விரலை வைத்து நீட்டுங்கள், தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். சார்ஜ் தீர்ந்த போனால் அது முடியாது.

நான்கு சொல் மட்டும் கற்றுக்கொண்டால் அந்த வரைபடமே பேச ஆரம்பிக்கும். பெய் வடக்கு, நான் தெற்கு, தோங் கிழக்கு, ஷி மேற்கு. ஜிங் என்றால் தலைநகரம். ஆக பெய்ஜிங் வடக்குத் தலைநகரம், நான்ஜிங் தெற்குத் தலைநகரம். மாகாணப் பெயர்களில் ஹெபெய் ஆற்றுக்கு வடக்கே, ஹெனான் ஆற்றுக்குத் தெற்கே. கீழச்சிவல்பட்டி, மேலைச்சிவபுரி என்று பேசிப் பழகிய நமக்கு இது ஒரு நாள் பாடம். வெறும் ரசனைக்காகச் சொல்லவில்லை. பெரிய ஊர்களில் ரயில் நிலையங்களைத் திசை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பெய்ஜிங்கில் ஷிஆன் போகும் அதிவேக ரயில்கள் மேற்கு நிலையத்திலிருந்து, ஷாங்காய் போகிறவை பெரும்பாலும் தெற்கு நிலையத்திலிருந்து. ஷிஆனில் அவை போய் நிற்பது வடக்கு நிலையம். டிக்கெட்டில் 'ஷிஆன்பெய்' என்று ஒட்டி எழுதியிருக்கும், ஊர்ப் பெயரே அதுதான் போல என்று நினைத்தேன் முதல் தடவை. டிக்கெட் பொதுவாக 15 நாள் முன்னால் திறக்கும், பாஸ்போர்ட் எண்ணோடு பதிவாகும். ரயில் ஏறும்போதும் பாஸ்போர்ட்டையே காட்ட வேண்டும், அதனால் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் பட்டியல். என் கையில் கொடுத்தால் பதினொன்றை நான்காக்குவேன்: பெய்ஜிங் ஐந்து நாள், ஷிஆன் நாலு நாள், மீதியெல்லாம் தெற்கே கடலோரம் ஃபூஜியன் மாகாணத்தில் சியாமென், சுவான்சௌ. ஷாங்காயை விடுவது சிலருக்கு வலிக்கும். எனக்கு வலிக்கவில்லை, இது என் ருசி. ஷிஆனில் மண்சிலைப் படை ஊருக்குக் கிழக்கே ஒரு மணி நேரத் தூரம். 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ட இடம். எல்லாப் புத்தகமும் அதைச் சொல்லும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய மதிலின் மேல் ஒரு சாயங்காலம் நடப்பதற்கு நேரம் வையுங்கள், போதும்.

சுவான்சௌ உங்கள் பட்டியலில் இல்லை. புத்தகத்திலும் நாலு வரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஊரின் பழைய துறைமுகச் சின்னங்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததே 2021இல்தான், உங்களுடையதோ 2019 பதிப்பு. மார்க்கோ போலோ காலத்தில் ஸைத்தூன் என்று உலகம் அறிந்த துறைமுகம் அது. அங்கே தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, 1281ஆம் ஆண்டுக்குரியது, தமிழும் கீழே ஒரு வரி சீனமுமாக, சிவன் திருமேனி எழுந்தருளச் செய்த செய்தி. அந்தச் சிவன் கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் ஊரில் சிதறிக் கிடந்து, பல இப்போது அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கைய்யுவான் என்ற புத்தர் கோயில் 686இல் தோன்றியது. அதன் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போய்ப் பாருங்கள், நம் கோயில் வேலைப்பாட்டோடு இரண்டு கல்தூண்கள் நிற்கும். புத்தரைக் கும்பிட்டுவிட்டு முன்வாசல் வழியே திரும்புகிறவர்கள் அதைப் பார்க்காமலே வந்துவிடுவார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்தில் இதைக் கேள்விப்பட்டதும் "நம்ம நகரத்தார்தான் கட்டியது" என்பார்கள். கட்டியவர்கள் தமிழ் வணிகத் தொடர்புடையவர்கள் என்பது சரி. நகரத்தார்தான் என்று சொல்ல அந்தக் கல்வெட்டை ஆதாரமாகக் காட்ட முடியாது. இன்னொன்று, சுவான்சௌ வேறு, குவாங்சௌ வேறு. நம் காதுக்கும் ரோமன் எழுத்துக்கும் இரண்டும் அண்ணன் தம்பி, நடுவே பல நூறு கிலோமீட்டர். டிக்கெட் எடுக்கும்போது சீன எழுத்தைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சியாமென்னிலிருந்து சுவான்சௌ ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. திரும்பும்போது சியாமென்னிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் திருச்சி வந்து இறங்கினால் மறுபடி சென்னைப் பக்கம் போக வேண்டியதில்லை.

புத்தகத்தை வெட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. அந்தப் பிரெஞ்சு அம்மாள் மாதிரி உங்களுக்கு வேண்டிய நான்கு ஊர், குறி விளக்கம், வரைபடம், பேச்சுத் தொடர்கள் இவற்றை மட்டும் பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத மற்ற ஊர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனால், நடுவில் ஆசை வந்து திட்டத்தை மாற்ற மாட்டீர்கள். ஓரத்தில் பென்சிலால் எழுத இடம் விடுங்கள். விடுதிக்காரர் வீட்டம்மா சொல்கிற சாப்பாட்டுக்கடை அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது, வீட்டில் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சுத் தொடர் பக்கத்தில் 'நான் சைவம்' என்பதற்குச் சீனத்தில் ஒரு வரி இருக்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம். கறித்துண்டு போடாமல் கொண்டு வருவார்கள், கொதித்த சாறும் கொழுப்பும் சிப்பிச் சாறும் கறியாக அவர்களுக்குத் தோன்றாது. புத்தர் கோயில்களை ஒட்டி இருக்கும் சைவ உணவகங்களில் அந்தக் கவலை இல்லை, ஊருக்கு ஒன்றாவது புத்தகத்தில் குறித்திருக்கும். ரயிலிலும் நிலையத்திலும் கொதிக்கும் வெந்நீர் இலவசமாக வரும், அதற்கென்று ஒரு பிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். 'மி ஃபான்' என்றால் வெறுஞ்சோறு, எந்தக் கடையிலும் கிடைக்கும். பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் கால் கிலோ கால் கிலோ கட்டிப் பெட்டியில் போடுங்கள். நல்லெண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.